நாலு நல்ல வார்த்தை

“யாரும்மா அது, ஆம்பள மாரி சைக்கிள் மிதிச்சிக்கினு போறது?”

கேட்டவள் செங்கத்திலிருந்து வந்த ஓர் அம்மாள். கோயிலுக்கு வந்த இடத்தில் புடவை ஓரம் எதிலோ மாட்டிக் கிழிந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு உண்ணாமலையின் வாசலில் ஏறினாள். மாற்றுப் புடவை இல்லை. கட்டிய புடவையோடேயே ஸ்டூலில் உட்கார்ந்து, கிழிந்த ஓரத்தை மட்டும் தையல் மிஷினின் ஊசிக்கடியில் நீட்டியிருந்தாள். உண்ணாமலை தலை நிமிராமல் அதை மடித்து அடித்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரத்தில்தான் சந்திரகலா தெருவில் போனாள். செத்துப்போன அவள் அப்பாவின் நடுவில் பார் கம்பி வைத்த சைக்கிள். துப்பட்டாவை இடுப்பில் முடிந்திருந்தாள். வாசலுக்கு நேராக வந்ததும் மணியை அடித்து, “ஏய் மலை! மத்யானம் வரேன், டீ போட்டு வை. தண்ணி மாரி போடாத!” என்று கத்திவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

உண்ணாமலைக்குக் காது சூடானது. துணி கொடுக்க வருகிறவர்களிடம் அவள் பேசுவதே கொஞ்சம்தான். “புதன்கிழமை வாங்க.” “லைனிங் வெக்கணுமா?” அதற்கு மேல் பேச்சு வராது. ஒன்பதாவதில் பள்ளிக்கூடத்தை விட்டதே பேசப் பயந்துதான். எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொன்னால் முதல் வரியிலேயே நின்றுவிடுவாள், வகுப்பு சிரிக்கும். ஒரு நாள் பள்ளிக்கூட கேட் வரைக்கும் போய்த் திரும்பி வந்தவள் அப்புறம் போகவே இல்லை. அம்மா திட்டவில்லை. வயசுக்கு வந்த பெண், வீட்டில் இருக்கட்டும் என்றாள்.

ஆனால் ‘ஆம்பள மாரி’ என்ற சொல் அவளைச் சும்மா இருக்கவிடவில்லை.

“அப்படி இல்லீங்க” என்றாள்.

அவள் வேறு பதில் சொல்லியிருக்க வேண்டும். சந்திரகலாவைப் பற்றி முகம் தெரியாத யார் கேட்டாலும் என்ன சொல்வது என்று அவளும் சந்திரகலாவும் முன்பே பேசி வைத்திருந்தார்கள்.

கோயிலின் பேகோபுரத்துக்குப் பின்னால் ஒரே சந்தில் இருவர் வீடும். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு வீடுதான். சந்திரகலா செங்கம் ரோட்டில், ஆசிரமத்துப் பக்கம் ஒரு எஸ்டிடி பூத்தில் உட்கார்ந்திருப்பாள். வெள்ளைக்காரர்கள் கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று அவரவர் ஊருக்குப் பேசுவார்கள்; அவள் மீட்டரைப் பார்த்து ரசீது கிழித்துக் கொடுப்பாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வரும்போதெல்லாம் உண்ணாமலையின் மிஷினருகில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத்தான் திரும்புவாள். உண்ணாமலையின் அம்மா ஒரு ஹோட்டலில் மாவரைக்கப் போய்விடுவதால் அந்த நேரத்தில் வீட்டில் வேறு யாரும் இருக்க மாட்டார்கள்.

தெருவில் மற்ற பெண்கள் அளவுக்குப் பழைய ஜாக்கெட் ஒன்றைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போவார்கள். சந்திரகலா ஒரு நாளும் அளவுத் துணி கொண்டுவந்ததில்லை.

“டேப் எதுக்கு வெச்சிருக்கே? அள” என்று கையைத் தூக்கிக்கொண்டு நிற்பாள்.

“போன மாசந்தான எடுத்தேன்?”

“போன மாசம் ஒல்லியா இருந்தேன்.”

அப்படி ஒரு மத்தியானம் உண்ணாமலை மார்பளவு எடுக்க இரண்டு கைகளையும் அவள் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனபோது, சந்திரகலா தூக்கிய கைகளை இறக்கி இவள் தோள்மேல் போட்டாள். டேப் இருவருக்கும் நடுவில் சிக்கிக்கொண்டது. சிரிக்க வேண்டிய இடம். இருவரும் சிரிக்கவில்லை. சந்திரகலாவின் உதட்டில் டீயின் இனிப்பு இருந்தது. அப்போது உண்ணாமலைக்கு இருபத்திரண்டு வயது. சந்திரகலா ஒரு வயது பெரியவள்.

அன்று சாயந்திரம் உண்ணாமலை கோயிலுக்குப் போனாள். அவளுக்கு வைத்திருப்பதே அங்கிருக்கும் அம்மனின் பெயர்தான். சன்னதியில் கூட்டம் நெருக்கித் தள்ளியும் அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. குருக்கள் கையில் போட்ட குங்குமத்தை நெற்றிக்குக் கொண்டுபோக மனசு வரவில்லை. காகிதத்தில் மடித்துக்கொண்டு வந்து வீட்டில் சாமி படத்துக்குப் பின்னால் செருகினாள். அடுத்த வாரமும் ஒரு மத்தியானம் கதவைச் சாத்தினாள். அன்றும் கோயிலுக்குப் போனாள். படத்துக்குப் பின்னால் காகிதப் பொட்டலங்கள் சேர்ந்துகொண்டே போயின.

அவளைப் பயமுறுத்தியது இன்னொன்று. குழாயடியில் சண்டை வந்தால் எல்லோருக்கும் ஒரு வசவு உண்டு. குடிகாரனுக்கு, ஓடிப்போனவளுக்கு, புருஷனை விட்டவளுக்கு, பெண்போல் நடக்கிற ஆணுக்கு. இவர்கள் இருவருக்கும் மட்டும் திட்டுவதற்குக்கூட ஒரு சொல் இல்லை. திருவிழாக் கூட்டத்தில் இருவரும் கைகோத்துக்கொண்டு போவார்கள், யாரும் பார்ப்பதில்லை. ஓர் ஆணும் பெண்ணும் கை எட்டும் தூரத்தில் நடந்தாலே டீக்கடை முழுக்கத் திரும்பும். சந்திரகலாவுக்கு அது வேடிக்கை. “நம்மள மாரி சுதந்திரம் ஊர்ல எவளுக்கும் இல்லடி” என்பாள். உண்ணாமலைக்கு அது நம்பியவர்கள் எல்லோரையும் ஏமாற்றுவதுபோல் இருந்தது.

சந்திரகலாவுக்கு வரன் பார்க்க ஆரம்பித்தார்கள். பெண் கேட்டு வருகிறவர்கள் ஜாதகம் பொருந்திய கையோடு, யாரென்று காட்டிக்கொள்ளாமல் தெருவுக்கு வந்து அக்கம்பக்கத்தில் விசாரித்துவிட்டுப் போவது வழக்கம். மளிகைக் கடையில் ஒரு சோப்பு வாங்குவார்கள். வெயிலுக்குத் தண்ணீர் கேட்பார்கள். பேச்சோடு பேச்சாகப் பெண்ணைப் பற்றிக் கேட்பார்கள். தெருவாசலில் உட்கார்ந்திருக்கும் தையல்காரப் பெண்ணைத் தாண்டி யாரும் போக முடியாது.

“யாராவது வந்து கேட்டா எதனா கெட்டதா சொல்லி வுட்டுடு” என்றாள் சந்திரகலா.

“என்னான்னு?”

“வலிப்பு வரும்னு சொல்லு. ‘இப்ப கம்மி’ன்னு சேத்துக்கோ. அப்பதான் நம்புவாங்க.”

ஆரணிக்காரர்கள் வந்தபோது உண்ணாமலை அப்படியே சொன்னாள். வந்தவர்கள் தண்ணீரைக்கூடக் குடிக்காமல் போனார்கள். போளூரிலிருந்து வந்த பெரியவரிடம், கோபம் ஜாஸ்தி, ஒரு நாள் அரிவாள்மணையைத் தூக்கிவிட்டாள் என்றாள். அன்று மத்தியானம் அதைக் கேட்டுச் சந்திரகலா தரையில் புரண்டு சிரித்தாள்.

“அரிவாமணையாடி? ஒரு கரண்டின்னு சொல்லக்கூடாது? பாவம், பெரியவரு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் திரும்பித் திரும்பிப் பாத்துக்கினு போயிருப்பாரு.”

உண்ணாமலையும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு பௌர்ணமி வரைக்கும்தான் இருந்தது.

சந்திரகலாவின் அம்மா திரௌபதி ஒரு சத்துணவுக் கூடத்தில் சமையல் செய்பவள். லைன்மேனாக இருந்த புருஷன் கம்பத்திலிருந்து விழுந்து செத்த பிறகு ஒற்றை ஆளாகப் பெண்ணை வளர்த்தாள். இரண்டு இடமும் தட்டிப்போனதும், மகள் கல்யாணம் முடியும் வரை ஒவ்வொரு பௌர்ணமியும் செருப்பில்லாமல் மலை சுற்றி வருவதாக வேண்டிக்கொண்டாள். பௌர்ணமியன்றுதான் பூத்தில் கூட்டம். மகளால் வர முடியாது. “நீ வாடி மலை, பேச்சுத் துணைக்கு” என்று உண்ணாமலையைக் கூப்பிட்டாள். பேசவே தெரியாதவளைப் பேச்சுத் துணைக்குக் கூப்பிட்டதில் உண்ணாமலைக்கே சிரிப்பு வந்தது.

சுற்றுப் பாதையில் அடி அண்ணாமலை தாண்டுவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. திரௌபதி ஒரு சோடாக்கடை ஓரம் உட்கார்ந்து காலை நீட்டினாள். குதிகாலில் சரளைக்கல் ஏறியிருந்தது. உண்ணாமலை அந்தக் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நகத்தால் நெம்பினாள்.

“நம்ம தெருவுலயே யாரோ சொல்லி வுட்றாங்கடி” என்றாள் திரௌபதி. “ஆரணிக்காரங்க தரகருகிட்ட கேட்டிருக்காங்க, பொண்ணுக்கு வலிப்பாமேன்னு. எம் பொண்ணுக்கு ஒரு சளி புடிச்சிப் பாத்ததில்ல நானு.”

உண்ணாமலை குனிந்தே இருந்தாள்.

“சாபம் வுட மாட்டேன். அந்தப் பாவம் நமக்கெதுக்கு? யாருன்னு மட்டும் தெரிஞ்சா கால்ல வுழுந்து கேப்பேன். எம் பொண்ண வுட்ருங்கன்னு.”

கல் வந்துவிட்டது. ரத்தமும் கொஞ்சம் வந்தது. அந்தக் காலை மடியிலிருந்து இறக்கி வைக்க உண்ணாமலைக்குத் தெரியவில்லை. திரௌபதியே இழுத்துக்கொண்டு எழுந்தாள்.

அந்த மாதத்தில்தான் குழாயடியில் ஒருத்தி விளையாட்டாகச் சொன்னாள். உண்ணாமலை திரௌபதியை “அத்த” என்று கூப்பிட்டதைக் கேட்டு, “அத்த அத்தன்னு உருகுறியே, மருமவளா போய்டேன்! பையன் இல்லன்னா என்னா, சந்திரகலாவே தாலி கட்டிட்டா போச்சி. சைக்கிள்கூட ஓட்டுறா” என்றாள். குடங்களோடு எல்லோரும் குலுங்கிச் சிரித்தார்கள். திரௌபதியும் சிரித்தாள். உண்ணாமலை நிரம்பாத குடத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, கதவை மூடி, வெகுநேரம் கதவிலேயே சாய்ந்து நின்றாள். அவர்களுக்கு எதுவும் தெரியாது என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் அந்தச் சிரிப்பு காதில் அடங்கவில்லை.

அதை அவள் சந்திரகலாவிடம் சொன்னபோது சந்திரகலாவுக்கு வேறொன்று தோன்றியது.

“பூத்துக்கு ரெண்டு வெள்ளக்கார அம்மா வருவாங்கன்னு சொன்னேனே. ஒரே ரூமு எடுத்து வருசக்கணக்கா ஒண்ணா இருக்காங்களாம். சண்டகூட புருஷன் பொண்டாட்டி மாரிதான் போட்டுக்குவாங்க. இங்க ஒருத்தராவது என்னான்னு கேட்டாங்களா?”

“அவங்க வெள்ளக்காரங்க, கலா.”

“மெட்ராஸ் போயிட்டா நாமும் யாரோதான். அம்பத்தூர்ல துணி கம்பெனி இருக்கு. நீ மிஷின்ல உக்காரு. நானு எங்கனா ஒரு பூத்துல உக்காந்துக்கறேன். கார்த்திக தீபத்துக்கு ஊரெல்லாம் கூட்டமா இருக்கும். கூட்டத்தோட பஸ் ஏறிட்டா யாருக்குத் தெரியும்? அம்மாக்கு அப்பால சொல்லிக்கலாம். வர்றியா?”

“ம்” என்றாள் உண்ணாமலை. மறுப்பதற்கும் அவளுக்கு வாய் வராது.

தீபத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போதுதான் செங்கத்து அம்மாள் கிழிந்த புடவையோடு வந்தாள்.

“அப்படி இல்லீங்க. ஆம்பள மாரியெல்லாம் இல்ல” என்று ஆரம்பித்த உண்ணாமலைக்கு என்ன ஆனதென்றே தெரியவில்லை. வார்த்தைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. “அது அவங்க அப்பா சைக்கிள்ங்க. அவ ஓட்டலன்னா பழைய இரும்புக்குப் போட்டிருப்பாங்க. துரு புடிக்கக்கூடாதுன்னு வாரா வாரம் எண்ண போட்டுத் தொடைப்பா. போன வருஷம் எனக்கு டைபாய்டு வந்துச்சி. எங்கம்மாக்குக் கையும் ஓடல காலும் ஓடல. அவதான் அந்த சைக்கிள்ல உக்கார வெச்சி ஆஸ்பத்திரி வரைக்கும் தள்ளிக்கினே போனா. நான் சாயாம இருக்க அவ துப்பட்டாவால என்ன அவ இடுப்போட கட்டிக்கினா. ஒருத்தன் பூத்துல கடிகாரத்த மறந்துட்டுப் போயிட்டான். ஒவ்வொரு ரூமா ஏறி எறங்கி தேடிக் குடுத்துட்டு வந்தா. அவ சிரிச்சா எதுத்த வூட்டுக் கொழந்தயும் சிரிக்கும்ங்க, என்னான்னே தெரியாம...”

மிஷின் எப்போதோ நின்றுவிட்டிருந்தது. அவ்வளவு பேச்சு அவள் யாரிடமும் பேசியதில்லை. சந்திரகலாவிடம்கூட இதையெல்லாம் சொன்னதில்லை. யாரோ வழியில் போகிறவள், புடவை தைத்ததும் போய்விடுவாள், மறுபடி பார்க்கப்போவதில்லை என்ற நினைப்பில் உள்ளே இருந்ததெல்லாம் வெளியே வந்துவிட்டது. பேசி முடித்தபோது உடம்பே லேசாக இருந்தது.

அந்த அம்மாள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சிரித்தாள்.

“பொண்ணுக்கு அவிட்ட நட்சத்திரம்னு ஜாதகத்துல போட்டிருந்தாங்க. சரியாத்தான் கீது.”

உண்ணாமலையின் கால் மிதியிலிருந்து நழுவியது.

“தப்பா நெனச்சிக்காதம்மா. எந்தங்கச்சி மவன் வேடியப்பனுக்குப் பாக்குறோம். பால் சொசைட்டில வேல. தங்கமான பையன். நேரா கேட்டா யாரு உண்மைய சொல்றாங்க? அதான் புடவய நானே கிழிச்சிக்கினு வந்தேன்.” குரலைத் தாழ்த்தினாள். “ஒண்ணே ஒண்ணு சொல்லு, கூடப் பொறந்தவகிட்ட சொல்றாப்புல. ரெண்டு எடம் வந்து தட்டிப் போச்சாமே. வலிப்புன்னு காதுல வுழுந்துச்சி. உண்டா?”

இன்னும் நேரம் இருந்தது. ‘ஆமாங்க, இப்ப கம்மி’ என்று சொன்னால் போதும். பழகிய வாக்கியம். அந்த அம்மாள் புடவையை உருவிக்கொண்டு எழுந்துவிடுவாள்.

உண்ணாமலை மத்தியானத்தை நினைத்தாள். சந்திரகலா வருவாள். டீ குடிப்பாள். அம்பத்தூரைப் பற்றிப் பேசுவாள். கதவு சாத்தப்படும். சாயந்திரம் இன்னொரு பொட்டலம். குழாயடியின் சிரிப்பு காதில் விழுந்தது. திரௌபதியின் குதிகால் மடியில் கனத்தது. சந்திரகலா ஒரு வீட்டுக்குப் போய்விட்டால் மத்தியானங்கள் வெறும் மத்தியானங்களாகிவிடும். யாரையும் ஏமாற்ற வேண்டாம். நெற்றியில் குங்குமம் வைத்துக்கொள்ளலாம். அப்படித்தான் அந்தக் கணத்தில் அவளுக்குப் பட்டது.

“அதெல்லாம் பொய்ங்க” என்றாள். “ஆவாதவங்க யாரோ கட்டி வுட்டது. அவளுக்குத் தலவலின்னுகூட ஒரு நாளு படுத்ததில்ல.”

கொஞ்சம் நிறுத்தி, “சமையலும் நல்லா செய்வா” என்று சேர்த்தாள். சந்திரகலாவுக்கு ரசம் வைக்கத் தெரியாது.

அந்த அம்மாள் அர்ச்சனைத் தட்டிலிருந்து ஒரு மூடித் தேங்காயை எடுத்து மிஷின்மேல் வைத்துவிட்டுப் போனாள்.

மத்தியானம் சந்திரகலா வந்தாள். ஒரு வாய் டீ குடித்துவிட்டு, “தண்ணி மாரிதான் போட்டிருக்கே” என்றாள். “யாரு அந்தம்மா, காலைல ஒக்காந்திருந்தது?”

“புடவ தைக்க வந்தவங்க.”

“செங்கத்துலேந்து ஒரு எடம் சொல்லிக்கினு இருக்கறாரு தரகரு. விசாரிக்க யாராவது வந்தாங்களா?”

“யாரும் வரல.”

“வந்தா நல்லா போடு. இந்த வாட்டி அரிவாமணைக்கு பதிலா கடப்பாறன்னு சொல்லு.”

உண்ணாமலை அன்று கதவைச் சாத்தவில்லை. “வெயில் உள்ள வருதேடி” என்றாள் சந்திரகலா. “வரட்டும்” என்றாள் இவள்.

அடுத்த வெள்ளிக்கிழமை செங்கத்திலிருந்து வந்து பூ வைத்துவிட்டுப் போனார்கள். திரௌபதி தெரு முழுக்கச் சர்க்கரை கொடுத்தாள். சந்திரகலா கலங்கவில்லை. விசாரிக்காமலே பூ வைக்கிற குடும்பத்தை உலகத்தில் இப்போதுதான் பார்க்கிறேன் என்று சிரித்தாள்.

“சரி வுடு. நிச்சயந்தான தீபத்துக்கு முன்ன? கல்யாணம் தையிலதான். அதுக்குள்ள நாம போயிருப்போம். அம்மாவ நெனச்சாதான் பாவமா இருக்கு. நீ துணி எடுத்து வெச்சிட்டியா?”

“வெச்சிட்டேன்.”

ஒரு துணியும் எடுத்து வைக்கவில்லை. பொய் சொல்லச் சொல்ல அவளுக்குச் சுலபமாகிக்கொண்டு வந்தது. ராத்திரியில் சந்திரகலா தன்னை நம்புவதை நினைத்தால் மட்டும் தூக்கம் வராது. நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று புரண்டு படுப்பாள். குங்குமமும் அவள் வைத்துக்கொள்ளவில்லை. கதவு திறந்தே இருந்த அந்த நாட்களிலும் சன்னதியில் தலை நிமிரவில்லை.

நிச்சயத்தன்று திரௌபதி வீட்டுக் கூடத்தில் ஜமுக்காளம் விரித்திருந்தது. மாப்பிள்ளை வேடியப்பன் வெள்ளைச் சட்டையில் வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பார்க்கச் சாதுவாகத்தான் இருந்தான். சந்திரகலாவை வாரிப் பின்னி, நெற்றிச்சுட்டி வைத்து, பூவின் கனத்தில் கழுத்து வளைய உட்கார வைத்திருந்தார்கள். வெற்றிலைத் தட்டு அடுக்கிக்கொண்டிருந்த உண்ணாமலையைப் பார்த்து அவள் ஒரு கண்ணை மட்டும் மூடித் திறந்தாள். இன்னும் கொஞ்ச நாள்தான் என்று அதற்கு அர்த்தம். உண்ணாமலை தட்டைப் பார்த்துக்கொண்டாள்.

தட்டு மாற்றி முடிந்ததும் செங்கத்து அம்மாள் கூட்டத்தில் அவளைக் கண்டுபிடித்துவிட்டாள்.

“இதோ கீதே! இந்தப் பொண்ணுதாங்க!” என்று கையைப் பிடித்து இழுத்துக் கூடத்தின் நடுவில் நிறுத்தினாள். “நாங்க ஆயிரம் யோசனைல இருந்தோம். வலிப்பு, அது இதுன்னு காதுல வுழுந்துச்சா. நானே புடவயக் கிழிச்சிக்கினு வந்து இவகிட்டத்தான் ஒக்காந்தேன். அடேங்கப்பா! வாயே தெறக்காதாமே இந்தப் பொண்ணு? வக்கீலு தோத்தான் போங்க! வலிப்பெல்லாம் பொய்யி, ஆவாதவங்க கட்டி வுட்டதுன்னு அடிச்சி சொன்னா. இவ சொன்ன நாலு நல்ல வார்த்தைக்குத்தான் நாங்க பூ எடுத்துக்கினு வந்தது.”

“அப்ப மாப்ள வூட்டுல இவளுக்கு ஒரு பட்டுப் பொடவ எடுத்துக் குடுக்கணும்!” என்று யாரோ சொல்ல, கூடம் சிரித்தது. திரௌபதி ஓடி வந்து உண்ணாமலையின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். “எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியேடி, எங்கண்ணு” என்று அழுதாள். ஒரு லட்டை எடுத்து முழுசாக அவள் வாயில் திணித்தாள்.

வாய் நிறைந்த இனிப்போடு உண்ணாமலை ஜமுக்காளத்தின் பக்கம் பார்த்தாள். சந்திரகலா தலையை நிமிர்த்தியிருந்தாள். முகத்தில் கோபம் இல்லை. கணக்கு ஒன்றைத் திரும்பப் போட்டுப் பார்ப்பவள்போல் இருந்தாள்.

“பொண்ண உள்ள கூட்டிக்கினு போயி பொடவய மாத்துங்கம்மா. நல்ல நேரம் போவுது” என்றார் பெரியவர் ஒருவர். மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்த புடவையைக் கட்டிக்கொண்டு பெண் மறுபடி சபையில் வந்து உட்கார வேண்டும். கட்டிவிடத் தோழி கூடப் போவது வழக்கம். செங்கத்து அம்மாள் அரக்குப் புடவையை உண்ணாமலையின் கையில் கொடுத்து இருவரையும் அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள் சந்திரகலா. கட்டியிருந்ததைக் களைந்துவிட்டு, சுவரைப் பார்த்து நின்றாள். உண்ணாமலை லட்டை விழுங்கிவிட்டுப் புதுப்புடவையின் தலைப்பைப் பிரித்தாள்.

“கலா.”

புடவையை இடுப்பில் சுற்றும்போது சந்திரகலா சுற்ற வேண்டிய இடத்தில் சுற்றினாள். கையைத் தூக்க வேண்டிய இடத்தில் தூக்கினாள்.

“மொதல்ல யாருன்னு தெரியாதுடி. சத்தியமா தெரியாது. உன்ன ஆம்பள மாரின்னு சொன்னாங்க. பொறுக்கல. அதான் பேசிட்டேன்.” மண்டியிட்டு உட்கார்ந்து கொசுவம் மடித்தாள். விரல்கள் பழக்கத்தில் ஒழுங்காக மடித்தன. “அப்பால தெரிஞ்சிது. தெரிஞ்சப்பறமும்தான் சொன்னேன். வலிப்பு இல்லன்னு, அவங்க யாருன்னு தெரிஞ்சேதான் சொன்னேன். பயமா இருந்திச்சி கலா. அத்த கால்ல ரத்தம் வந்திச்சி. குழாயடில எல்லாரும் சிரிச்சாங்க. அம்மன் மூஞ்சியப் பாக்க முடியல என்னால. நீ போயிட்டா எல்லாம் சரியா பூடும்னு நெனச்சேன். சரியாவல. யாரும் வரலன்னு உங்கிட்ட பொய் சொன்னேன். துணியும் எடுத்து வெக்கல.”

கொசுவத்தை இடுப்பில் செருகியபோது அவள் கை சந்திரகலாவின் வயிற்றில் பட்டது. அந்த வயிறு மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது.

“திட்டுடி. அறையணும்னா அறை.”

வெளியே யாரோ நாதஸ்வரக் கேசட்டைப் போட்டார்கள். “ஆச்சாம்மா?” என்று திரௌபதியின் குரல் கேட்டது.

உண்ணாமலை எழுந்து நின்றாள். “நான் வேணா இப்ப வெளிய போயி சொல்லிடட்டா? நான் சொன்னது எல்லாம் பொய்யின்னு, எல்லார் எதிர்லயும் சொல்லிடட்டா?”

அப்போதுதான் சந்திரகலா தலையைத் திருப்பினாள். முதல் தடவையாக நேராக அவள் முகத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். காத்திருந்தாள். கதவு இரண்டு அடியில் இருந்தது. தாழ்ப்பாளைத் தூக்கினால் கூடம். கூடத்தில் அத்தனை முகங்கள். உண்ணாமலையின் தொண்டையில் லட்டின் இனிப்பு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. போக வேண்டும் என்று நினைத்தாள். தலைப்பின் மடிப்பைப் பிடித்த கையைக்கூட விடவில்லை. கால் நகரவில்லை.

“நல்ல நேரம் போவுதுடி! கூட்டிக்கினு வா!” என்று வெளியே கதவைத் தட்டினார்கள்.

சந்திரகலா அவள் கையிலிருந்து மடிப்பை வாங்கினாள். மேஜைமேல் கிடந்த பின்னை எடுத்துத் தோளில் தானே குத்திக்கொண்டாள். முகத்தில் வழிந்த வேர்வையைப் பழைய புடவையால் ஒற்றி, அதை உண்ணாமலையின் கையில் வைத்தாள். தாழ்ப்பாளைத் தூக்கினாள். கூடத்துக்குப் போனாள்.